செவ்வாய் வெள்ளி ஈக்கள்

1

என் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. மகளுக்கு ஆறு வயது. பெயர் மீனாட்சி, இங்கே எல்லோருக்கும் மீனா. வகுப்பு ஆசிரியை மிகவும் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். குழந்தையின் தலையில் தேய்க்கும் எண்ணெய் நோட்டிலும் படம் வரையும் தாளிலும் படிந்துவிடுகிறதாம். வண்ணம் பிடிக்கமாட்டேன் என்கிறதாம். பள்ளிக்கூட நாட்களில் மட்டும் எண்ணெயைத் தவிர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். சாட்சிக்கு ஒரு தாளையும் இணைத்திருக்கிறார். மீனா வரைந்த வீடு. கூரைமேல் புகைபோக்கி. அதன் பக்கத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப்பக்கம் தெரிகிற மாதிரி, ஒரு கட்டைவிரல் அடையாளம்.

என் மனைவி பார்வதி செங்கோட்டைக்காரி. கடிதத்தைப் படித்துச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"தலைக்கு எண்ணெ வைக்காம பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதது எந்த ஊரு வழக்கம்? இவங்க முடியெல்லாம் வைக்கப்படப்பு மாதிரி நிக்குதே, நான் ஏதும் காயிதம் போட்டேனா?"

மீனா இங்கிலீஷில், தனக்கும் எண்ணெய் பிடிக்கவில்லை என்றும், பக்கத்தில் உட்காரும் பெண் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள் என்றும் சொன்னாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது.

"நீங்க ஏதாவது சொல்லுங்க" என்றாள் பார்வதி.

நான் கடிதத்தை மடித்து வைத்தேன். அந்தத் தாளை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதே மாதிரி எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டு ஆறு வருடமாக என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அந்தக் கறையைப் பார்த்தும் பார்க்காமல் விட்டவன் நான்.

வட இங்கிலாந்தின் இந்த நிலக்கரி ஊருக்கு வந்து பதினோரு வருடமாகிறது. ஊர்ப் பத்திரிகைக்கு எழுதும்போதெல்லாம் பனியைப் பற்றி எழுதினேன், இரண்டடுக்கு பஸ்ஸைப் பற்றி எழுதினேன், இட்லி மாவு பொங்காத கதையை எழுதி உங்களைச் சிரிக்கவும் வைத்தேன். இந்தத் தடவை என் வெட்கக்கேட்டை எழுதுகிறேன்.

2

தென்காசியில் என்னைத் தெரிந்தவர்கள், நான் இங்கே பெரிய டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் அம்மா மறுத்துச் சொல்வதில்லை. நான் டாக்டர்தான், ஆனால் ஈக்களுக்கு. அழுகிய வாழைப்பழத்தின்மேல் புள்ளி புள்ளியாகப் பறக்குமே, கொசுவைவிடச் சின்ன ஈ, அதைப் பாட்டிலில் வளர்த்து, எதோடு எது கூடுகிறது, எத்தனை குஞ்சு பொரிக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

எதற்காக இதைப் பார்க்கிறோம் என்றால், ஒரே இனம் எப்படி இரண்டு இனமாகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். ஒரு ஈக்கூட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு மலை குறுக்கிடுகிறது, பாதிக் கூட்டம் இந்தப்பக்கம், பாதி அந்தப்பக்கம். இரண்டு பக்கமும் தலைமுறை தலைமுறையாக மரபணுக்கள் தனித்தனியாக மாறுகின்றன. வெகுகாலம் கழித்து இரண்டும் மறுபடி சந்திக்கின்றன. ஆண் ஈ வழக்கம்போல ஆடுகிறது, ஒற்றை இறக்கையை விரித்து அதிரவைக்கிறது. பெண் ஈக்கு அந்த ஆட்டமும் பிடிபடவில்லை, அதன் வாசனையும் பிடிபடவில்லை, காலால் உதைத்துத் தள்ளுகிறது. சில சமயம் கூடிவிடும், ஆனால் பிறக்கிற ஆண்கள் மலடாக இருக்கும். அப்படியானால் அவை இரண்டு இனமாகப் பிரிந்துவிட்டன என்று அர்த்தம். பார்வைக்கு அச்சாக ஒன்றுபோலவே இருக்கலாம். நமக்குத் தெரியாத வித்தியாசம் அவற்றுக்குத் தெரியும்.

ஊர்விட்டு ஊர் வந்தவனும் இப்படித்தான் மெல்ல வேறு இனமாகிறான் என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதினால் அழகாக இருக்கும். உங்களில் சிலர் அடிக்கோடும் போடுவீர்கள். எழுதமாட்டேன். ஈயை வைத்து அழகாக எழுத ஆசைப்பட்டுத்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

3

இங்கே நான் மாணவனாக இருந்தபோது என் பேராசிரியரிடம் குற்றாலத்தைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறேன். கீழே பேரருவிக்கரையில் பழக்கடைகள், வெயிலும் சாரலும். இரண்டு மணி நேரம் மேலே ஏறினால் செண்பகாதேவி அருவி, அங்கே வேறு குளிர், வேறு காடு. அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மேலே இருக்கிற ஈயும் கீழே இருக்கிற ஈயும் ஒன்றா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் என் தலைவிதி எழுதப்பட்டுவிட்டது.

அறுபத்தொன்றில் கல்யாணத்துக்காக லீவு போட்டு ஊருக்கு வந்தேன். ஆனி மாதம் கல்யாணம். கல்யாணமான இரண்டாம் வாரம், புதுப்பெண்டாட்டியைப் பேரருவிக்கரையில் ஒரு கடைக்காரரின் பெஞ்சியில் உட்காரவைத்துவிட்டு, நான் அழுகிய மங்குஸ்தான் குவியலில் ஈ பிடித்துக்கொண்டிருந்தேன். பார்வதி இன்னும் மன்னிக்கவில்லை. மறுநாள் செண்பகாதேவிக்கு ஏறிப்போய் மண்சட்டியில் வாழைப்பழம் வைத்து அங்கேயும் பிடித்தேன். கீழ் ஈ, மேல் ஈ என்று பெயர் வைத்தேன்.

அவற்றை இங்கிலாந்துக்கு உயிரோடு அனுப்பத்தான் நினைத்தேன். விமானத் தபாலில் இரண்டு முறை அனுப்பினேன். சுங்க அதிகாரிக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உள்ளே என்ன? ஈ. எதற்கு? ஆராய்ச்சிக்கு. விலைமதிப்பு? ஒன்றுமில்லை. விலையில்லாத பொருளை ஏன் விமானத்தில் அனுப்புகிறீர்கள் என்று ஒருவர் கேட்டு, பெட்டியைத் தம் மேலதிகாரிக்கு அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பி, கடைசியில் இரண்டு முறையும் ஈக்கள் செத்துப் போய்ச் சேர்ந்தன. ஆகவே சோதனையைத் தென்காசியில் எங்கள் வீட்டிலேயே நடத்துவது என்று முடிவாயிற்று. அங்கே யார் செய்வது?

என் தங்கை உலகம்மாள். எங்களுக்கு அவள் உலகு. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். அப்பா காலமான பிறகு மேலே படிக்கவைக்க ஆளில்லை. நான்தான் ஆள், நான் கப்பலேறிவிட்டேன். வீட்டில் தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, கல்யாணம் கட்ட வந்தியா, ஈ பிடிக்க வந்தியா?" என்றாள் அம்மா. "ஊரெல்லாம் ஈயை விரட்டுது, நம்ம வீட்டுல பாட்டிலுக்குள்ள வச்சு சோறு போடுதோம். அதுவும் கன்னி ஈயாத் தேடிப் பிரிச்சு எடுக்கணுமாமே! கல்யாணம் ஆகாத பிள்ளைட்ட இதையெல்லாமா சொல்லிக்கொடுப்பாங்க?"

உலகு சிரித்துவிட்டாள். "ஈக்கு மாப்பிள்ளை பாக்குதோம், இதுல என்னம்மா இருக்கு?" என்றாள்.

நாலு வாரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். கருப்பட்டியும் சோளக்குருணையும் கடல்பாசியும் போட்டு ஈக்குக் கூழ் காய்ச்சினோம். கடல்பாசியைக் கடையநல்லூர் பஜாரிலிருந்து வரவழைத்தோம். ஈதரில் ஈயை மயக்குவது, லென்ஸ் வைத்து ஆண் பெண் பிரிப்பது, மயங்கிக் கிடக்கும் ஈயை மெல்லிய தூரிகையால் தூக்கி அடுத்த குப்பியில் விடுவது, எல்லாம் கற்றுக்கொண்டாள். பொரித்த சில மணி நேரத்துக்குள் பெண் ஈக்களைத் தனியாக எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அவை கூடிவிடும். அதனால் காலையில்தான் வேலை. அவள் கை என் கையைவிட நிதானமானது. இதை அப்போதே கவனித்தேன், ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கப்பலேறுமுன் ஒரு கால அட்டவணை எழுதிக் கொடுத்தேன். திங்கள், வியாழன் காலை எட்டு மணிக்கு: மேலும் மேலும், கீழும் கீழும். செவ்வாய், வெள்ளி காலை எட்டு மணிக்கு: மேலும் கீழும் கலப்பு. கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். பெரிய கவர்னர் உத்தரவு.

4

இதைப் படிக்கும் பெண்களுக்கு விஷயம் இதற்குள் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் நம் வீட்டுப் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். பிறந்ததிலிருந்து பார்த்த சங்கதி. அம்மாவும் தங்கையும் வாரத்தில் இரண்டு நாள் தலை வழிய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுவதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். நாலு வருடம் வெளியே இருந்ததில், வாரத்துக்கு ஏழு நாள் என்பது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

உலகுக்கு அந்த நாட்கள் சௌகரியமாகத்தான் இருந்தன. எண்ணெய் தேய்த்தால் ஒரு மணி நேரமாவது ஊற வேண்டும். அந்த நேரத்தில் எண்ணெய்க் கையோடு அடுக்களைக்குள் வரக்கூடாது, எந்தப் பானையையும் தொடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஆகவே யாரும் கூப்பிடமாட்டார்கள். காலை எட்டு மணி. கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஈக்களோடு உட்கார்ந்துவிடுவாள். தைக்கிற பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊசி வழுக்கிப் போகட்டும் என்று அதை அடிக்கடி தலைமயிரில் இழுத்துக்கொள்வார்கள். உலகு தூரிகையையும் அப்படியே இழுத்தாள். நுனி கூர்மையாகச் சேரும், ஒற்றை ஈயைத் தூக்கத் தோதாக இருக்கும். திங்களும் வியாழனும் அந்நேரம் தலை காய்ந்திருக்கும், அதில் தவறில்லை. செவ்வாயும் வெள்ளியும் அந்தத் தலையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

ஈயின் உணர்கொம்பிலும் இறக்கையிலும் எண்ணெய் படிந்தால் அதற்கு வாசனையும் தெரியாது, இறக்கையும் அதிராது. ஆண் ஆடவில்லை, பெண் அசையவில்லை. கலப்புக் குப்பிகளில் ஒரு புழுகூட வரவில்லை. உலகு நோட்டில் அழகாகக் கோடு போட்டு எழுதினாள்: செவ்வாய், மேல் கீழ், புழு இல்லை. வெள்ளி, மேல் கீழ், புழு இல்லை. திங்கள், மேல் மேல், புழு ஏராளம்.

தை மாதம் அந்த நோட்டைக் கப்பல் தபாலில் அனுப்பினாள். பிரித்ததும் அறை முழுக்க நல்லெண்ணெய் வாசனை. செவ்வாய், வெள்ளிப் பக்கங்களின் ஓரத்தில் விரல் விரலாக எண்ணெய்க் கறை. திங்கள், வியாழன் பக்கங்கள் சுத்தமாக இருந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பக்கங்களை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஊர் வாசனை, அம்மா வாசனை என்று பார்வதியையும் கூப்பிட்டு மோக்கச் சொன்னேன். எந்தப் பக்கத்தில் கறை, எந்தப் பக்கத்தில் இல்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். ஆராய்ச்சிக்காரன் என்று சம்பளம் வாங்குகிறவன் அழுதுகொண்டிருந்தான்.

பேராசிரியருக்குப் பெருமகிழ்ச்சி. அரைநாள் நடை தூரத்துக்குள், உருவத்தில் அச்சாக ஒன்றுபோல இருந்தும், ஒன்றோடொன்று கூடவே கூடாத இரண்டு இனங்கள்! கட்டுரையை எழுதினேன். "கலப்புகள் தென்காசியில் கட்டுரையாளரின் மேற்பார்வையில் செய்யப்பட்டன" என்று ஒரு வரி. உலகின் பெயரைப் போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றியது, பிறகு தங்கை வீட்டில் செய்தாள் என்றால் மதிப்பாக இருக்காது என்று தோன்றியது. இரண்டாவது தோன்றியதைத்தான் செய்தேன்.

5

நோட்டை அனுப்பிய பிறகும் உலகு சோதனையை நிறுத்தவில்லை. நிறுத்து என்று நானும் எழுதவில்லை. பங்குனியில் அம்மாவுக்கு அம்மை போட்டது. நம் பக்கத்தில் அம்மை போட்ட வீட்டில் எண்ணெய் சேர்க்கமாட்டார்கள், தாளிக்கக்கூட மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று வாரம் யார் தலையிலும் எண்ணெய் இல்லை. வாசலில் வேப்பிலை தொங்க, உள்ளே உலகு என் அட்டவணைப்படி செவ்வாயும் வெள்ளியும் கலப்பு வைத்தாள். ஐந்தாம் நாள் குப்பியில் புழு நெளிந்தது.

நானாக இருந்தால் குப்பி மாறிவிட்டது என்று கொட்டியிருப்பேன். உலகு உட்கார்ந்து யோசித்தாள். அம்மாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி எல்லாம் முடிந்த பிறகு, எட்டுக் குப்பி வைத்தாள். நாலில் சுத்தமான தூரிகை, நாலில் வேண்டுமென்றே எண்ணெய்த் தூரிகை. மேலும் மேலும் சேர்த்த குப்பியில்கூட எண்ணெய் பட்டால் புழு வரவில்லை. எண்ணெய் படாவிட்டால் மேலும் கீழும் சேர்ந்தும் புழு குவிந்தது. பிறந்த ஈக்களை அவற்றுக்குள் சேர்த்துப் பார்த்தாள், அவையும் குஞ்சு பொரித்தன. ஒரே இனம்தான். மலையேறினாலும் இறங்கினாலும் அவை ஒன்றுதான். இந்தச் சோதனையை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் கடிதமும் ஒரு சின்ன நோட்டும் விமானத் தபாலில் வந்தன. "அண்ணாச்சி, தப்பு நடந்துபோச்சு. எண்ணெதான் காரணம். கட்டுரையை அனுப்பிராதீங்க. அனுப்பியிருந்தா உடனே எழுதி நிறுத்துங்க" என்று எழுதியிருந்தாள். உங்கள் அட்டவணையால் வந்த வினை என்று ஒரு வார்த்தை இல்லை.

கடிதம் வந்தது ஒரு புதன்கிழமை. கட்டுரை போய்விட்டது, அச்சுத்தாள் திருத்தத்துக்கு வர நாலு நாள் இருந்தது. அடுத்த வாரம் நிரந்தர வேலைக்கு நேர்முகம். பார்வதிக்கு மாதம் நிறைந்திருந்தது. மீனா வயிற்றில் இருந்தாள். இத்தனையும் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். கடிதத்தைச் சின்ன நோட்டுக்குள் வைத்து, இரண்டு நோட்டையும் இழுப்பறைக்குள் வைத்து மூடினேன். கட்டுரை வந்தது, வேலையும் கிடைத்தது.

உலகுக்கு, "பார்த்துச் செய்கிறேன்" என்று ஒரு வரி எழுதினேன். அவள் மறுபடி கேட்கவில்லை. அண்ணாச்சி பார்த்துச் செய்வார் என்றுதான் நினைத்திருப்பாள்.

6

நாலு வருடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கல்கத்தாவிலிருந்து ஓர் ஆய்வாளர் எழுதினார். அவர் தாமாகக் குற்றாலத்துக்குப் போய், மேலும் கீழும் ஈ பிடித்து, தம் ஆய்வுக்கூடத்தில் கலந்து பார்த்திருக்கிறார். தாராளமாகக் கூடுகின்றனவாம். எங்கே தவறு நேர்ந்தது என்று புரியவில்லை, உதவ முடியுமா என்று பணிவாகக் கேட்டிருந்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டுதான் இருந்தது.

பத்தே நிமிஷத்தில் ஒரு திருத்தக் குறிப்பு எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினேன். "முந்தைய கட்டுரையில் கூறிய கலப்புகளைச் செய்தவர் மிஸ் உலகம்மாள் என்னும் பயிற்சியற்ற உதவியாளர். அவருடைய கையாளுதலில் நேர்ந்த தவறு முடிவைப் பாதித்திருக்கலாம்." எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. பேராசிரியர் தோளில் தட்டி, தொலைவிலிருக்கும் ஆட்களை நம்பினால் இப்படி நடப்பதுதான் என்றார். நானும் தலையாட்டினேன்.

கட்டுரை பெயர் வாங்கியபோது அவள் பெயர் இல்லை. தவறு என்று வந்ததும் பெயரை எழுத்துக்கூட்டி, மிஸ் சேர்த்துப் போட்டேன். என் தங்கையின் பெயர் உலகத்தில் அச்சேறியது அந்த ஒரு தடவைதான்.

7

மூன்று வாரத்துக்கு முன் கல்கத்தாக்காரரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. குற்றாலத்து ஈக்களை வருடம் முழுக்க அங்கேயே வளர்த்துக் கவனிக்க ஆள் வேண்டும், உங்கள் சகோதரியைச் சந்தித்தேன், ஆர்வமாக இருக்கிறார், ஆனால் உங்கள் குறிப்பில் இப்படி எழுதியிருப்பதால் கேட்கிறேன், அவரை நம்பி வேலையைக் கொடுக்கலாமா? ஒரு மாதத்துக்குள் பதில் தேவை.

பதில் எழுதவில்லை. நல்லவள், கொடுங்கள் என்று மட்டும் எழுதினால் அந்த அச்சடித்த வரிக்கு முன் அது நிற்காது. நிற்கும்படி எழுத வேண்டுமென்றால் இழுப்பறையைத் திறக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து உலகின் கடிதமும் வந்தது. அப்படியே தருகிறேன்.

"அண்ணாச்சிக்கு உலகு எழுதுவது. அம்மா சுகம். கல்கத்தாவுல இருந்து ஒரு சார் வந்திருந்தாங்க. வீட்டைத் தேடிக் கண்டுபிடிச்சு, நீங்கதான் மிஸ் உலகம்மாளான்னு கேட்டாங்க. அச்சடிச்ச தாளைக் காட்டுனாங்க. என் பேரைப் பாத்து முதல்ல சந்தோசமாத்தான் இருந்துது. பக்கத்துல போட்டிருந்ததையும் படிச்சேன். எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவதானே, அர்த்தம் தெரியும்லா. எப்படித் தப்பு வந்துதுன்னு கேட்டாங்க. என் கவனக்குறைவுன்னு சொல்லிட்டேன். உங்க அட்டவணையைக் காட்டல.

"அவங்க வேலைக்கு ஆள் தேடுதாங்க. ஒரு வருசம் குற்றாலத்துல, பொறவு கல்கத்தாவுக்குக் கூப்பிட்டு மேல சொல்லிக்கொடுப்பாங்களாம். அம்மாவும் போன்னு சொல்லுதா. எனக்குப் போகணும்னு இருக்கு அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துல தையல் டீச்சரா பட்டன் துவாரம் போடச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து அலுத்துப்போச்சு. அதுவும் தற்காலிக வேலை. உங்கள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்னு போயிருக்காங்க.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கிடாதீங்க. நாலு வாரம் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுத்தது நீங்கதானே. அப்ப பயிற்சி இல்லாதவன்னு யாரைச் சொன்னீங்க?"

கோபமாக எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டிருக்கிறாள்.

இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கியபோது ஒரு கள்ளத்தனமான யோசனையும் எனக்குள் இருந்தது. தமிழில் எழுதி ஊருக்கு அனுப்பிவிட்டால் பாவமன்னிப்புக் கேட்ட மாதிரி ஆகிவிடும். என் பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது. கல்கத்தாக்காரருக்கும் தெரியாது. என் மகளுக்கே படிக்கத் தெரியாது. இவ்வளவு பத்திரமான இடம் வேறெங்கே கிடைக்கும்? இரண்டாம் பகுதி எழுதும்வரை இந்த யோசனை எனக்குப் பிடித்தேயிருந்தது.

நேற்று மாலை மேசையைத் துடைக்க வந்த பார்வதி உலகின் கடிதத்தைப் பார்த்துவிட்டாள். நின்றபடியே படித்தாள். அவளுக்கு இதுவரை எதுவும் தெரியாது. "நோட்டை மோந்து பாருன்னு என்னையக் கூப்பிட்டீங்களே, அந்த நோட்டா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். துடைக்கும் துணியை மேசைமேலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் இங்கிலீஷில் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று கல்கத்தாவுக்கு, ஒன்று ஆய்விதழுக்கு. கலப்புக்கு நாளையும் கிழமையையும் குறித்தது நான், என்னிடமிருந்த கையெழுத்திட்ட அட்டவணை நகல் இணைப்பு. தவறைக் கண்டுபிடித்ததும் சோதித்து நிரூபித்ததும் உலகம்மாள், கட்டுரை அச்சேறும் முன்பே எனக்கு எழுதினாள், நான் மறைத்தேன். பயிற்சியற்றவர் என்ற சொல்லை நீக்க வேண்டுகிறேன். என்னைவிட அவள் கவனமானவள்.

தபாலில் போடுமுன் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "அவருடைய கடிதம் உங்களுக்குக் கிடைத்தது அச்சுத்தாள் திருத்துவதற்கு முன்பா, பின்பா?" என்றார்.

"முன்பு."

காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். தோளில் தட்டவில்லை. வேலை இருக்குமா என்று தெரியாது, கேட்கவும் தைரியம் வரவில்லை.

தபாலாபீசில் நோட்டுகளைத் தென்காசிக்குப் பார்சல் கட்டினேன். அவை அவளுடையவை, கல்கத்தாக்காரர் மறுபடி வந்தால் அவள் காட்ட வேண்டும். சுங்கப் படிவத்தில் பழையபடி அதே கேள்வி: விலைமதிப்பு? கவுண்டரிலிருந்த பெண், பழைய நோட்டுதானே, ஒன்றுமில்லை என்று போடுங்கள் என்றாள். அன்று ஈக்களுக்கு அப்படித்தான் போட்டேன். இன்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். அந்தப் பெண்ணே கோடு போட்டுக்கொண்டாள்.

கட்டுவதற்கு முன் சின்ன நோட்டை ஒரு தடவை திறந்து பார்த்தேன். மூக்கருகே கொண்டுபோகவில்லை. கடைசி வெள்ளிக்கிழமையின் பக்கத்தில் கறை இல்லை. உலகின் கையெழுத்தில் நாலே வரி:

வெள்ளி. மேல் கீழ்.
எண்ணெ இல்லை.
புழு இருக்கு.
அண்ணாச்சிக்கு இன்னைக்கே எழுதணும்.